அடி சொல்லித் தந்தவர்களுக்கும் கழி பிடித்தவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். ஆடுகிறவர்களின் பெயர் அழைப்பிதழில் அச்சாகும். அவர்கள் காலுக்குக் கீழே மூங்கிலைத் தட்டிக்கொண்டு குந்தியிருந்தவரின் பெயர் அச்சாவதில்லை. இந்த மடல் அந்த இரண்டாமவருக்கும் அவரைப் போன்ற பலருக்கும். பல நாட்டு மக்களின் ஆட்டங்களைப் பயில்கிற எங்களுக்கு அடிவரிசை எளிதில் கிடைத்துவிடுகிறது. எடை எந்தக் காலில் இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் கையை எவ்வளவு இறுக்கலாம், எந்த இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் வருகிறது. தந்தவர்கள் நீங்கள்.

முதலில் தாளக்காரர்களுக்கு. பால்கன் நாடுகளின் ஆட்டங்களை ஒன்று, இரண்டு என்று எண்ண விடாமல் சொற்கட்டாகச் சொல்ல வைத்தீர்கள். பல்கேரியாவின் ராச்செனிட்சா 7 தட்டு, 2+2+3: 'தக திமி தகிட'. கிரேக்கத்தின் கலமத்தியானோஸும் 7தான், ஆனால் 3+2+2: 'தகிட தக திமி'. பைடுஷ்கோ 5: 'தக தகிட'. கோபனிட்சா 11: 'தக திமி தகிட தக திமி'. கர்நாடக இசையின் மிஸ்ரமும் (7 எண்ணிக்கை) கண்டமும் (5) காதில் ஊறியவர்களுக்கு இதிலென்ன புதுமை என்று தோன்றும். சறுக்குவதும் அவர்கள்தான். ஏழு தட்டையும் காலால் போடப் பார்ப்பார்கள். ராச்செனிட்சாவில் ஏழு தட்டுக்கு அடி மூன்றே மூன்று: குறில், குறில், நெடில். கலமத்தியானோஸில் நெடில், குறில், குறில். இப்படி நான்கு ஆவர்த்தனம் போனால் 12 அடி, ஒரு சுற்று முடியும்.

குறில் நெடில் என்று சொல்லித் தந்ததோடு நீங்கள் விட்டிருந்தால் அதுவே பிழையாகியிருக்கும். யாப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்தப் பழக்கத்தில் கடைசி அடியை இரு மடங்காக நீட்டினால் 2+2+4, அதாவது 8. ஆட்டம் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது ராச்செனிட்சா இல்லை. இங்கே விகிதம் 2க்கு 3. நெடில் ஒன்றரை மாத்திரைதான் என்று தபான் மேளத்தை நிறுத்திவிட்டு, வெறும் கைதட்டலில் திரும்பத் திரும்பக் காட்டினீர்களே, அந்த அரை மாத்திரைக்குத் தனி நன்றி.

வேகத்தைக் குறைத்துச் சொல்லித் தந்தபோது துள்ளலை எடுத்துவிட்ட ஆசிரியர்களுக்கு அடுத்த நன்றி. மெதுவாகப் பழகிவிட்டுப் பிறகு வேகம் கூட்டலாம் என்பது நடக்கிற அடிக்குச் சரி. துள்ளுகிற அடிக்குச் சரிப்படாது. தரையிலிருந்து 10 செ.மீ. எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.29 வினாடி. பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே துள்ளலுக்கு இரு மடங்கு நேரம் காற்றில் இருந்தாக வேண்டும். அதற்கு 40 செ.மீ. எழும்ப வேண்டும். பாட்டின் வேகத்தைக் குறைக்கலாம், புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. ஆகவே மெதுவாகப் பழகும்போது துள்ளல் இருக்கும் இடத்தில் குதிகாலை மட்டும் தூக்கி இறக்கி, முக்கால் வேகம் தாண்டியதும் துள்ளலைச் சேர்ப்பதே வழி. இதைச் செய்யாதவர்கள் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு தொங்குவார்கள்; வேகம் வந்த பிறகும் அந்த மடக்கு போகாது.

பாட்டின் வரியும் அடியின் சுற்றும் ஒன்றாகவே முடியும் என்ற நம்பிக்கையை உடைத்தவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். லெபனான், சிரியா போன்ற லெவான்ட் நாடுகளின் வரிசை ஆட்டமான தப்கேயில் பரவலான அடிவரிசை 6 எண்ணிக்கை. பாட்டின் வரியோ பெரும்பாலும் 8. நான்கு சுற்று அடி, மூன்று வரிப் பாட்டு, 24ஆம் எண்ணிக்கையில் இரண்டும் சந்திக்கும். பாட்டு வரி தொடங்கும்போதெல்லாம் முதல் அடியை வைக்கப் பார்ப்பவர் வரிசையையே கலைத்துவிடுவார். ஃபாரோ தீவுகளின் சங்கிலி ஆட்டத்திலும் இதே கதை: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, அடிசேர்ப்பையும் எண்ணினால் 6. அங்கே வாத்தியமே கிடையாது, ஆடுகிறவர்களே கதைப்பாட்டைப் பாடியாக வேண்டும். பாடத் தெரியாமல் அடி மட்டும் தெரிந்து என்ன பயன் என்று கேட்டவர் சொன்னது கசந்தாலும் உண்மை.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஆடும் வட்ட ஆட்டமான சர்தானாவில் எங்களுக்காக எண்ணியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 11 பேர் 12 வாத்தியம் வாசிக்கும் கோப்லா என்ற இசைக்குழு ஒரு பாட்டைத் தொடங்கும்போது குற்றடிப் பகுதி எத்தனை அளவு (தாளச் சுற்று), நெட்டடிப் பகுதி எத்தனை அளவு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு அது மாறும். வட்டத்தில் ஒருவர் முதல் ஓட்டத்தைக் காதால் எண்ணி, கடைசி அடி சரியான பக்கம் விழும்படி கணக்குப் போட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். குற்றடியில் கைகள் கீழே, நெட்டடியில் தோள் உயரத்துக்கு மேலே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான வட்டம். உள்ளே ஒருவர் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இனி, மூங்கில். பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் தோன்றியதாகச் சொல்லப்படும் தினிக்லிங்கில் ஆடுகிறவர் இருவர் என்றால் கழி பிடிப்பவரும் இருவர். ஏறத்தாழ 9 அடி நீள மூங்கில் இரண்டு. இரு முனைகளிலும் அவற்றுக்குக் குறுக்கே, கீழே, 2 அங்குலக் கனமும் 30 அங்குல நீளமும் உள்ள மரக்கட்டை ஒவ்வொன்று. தாளம் 3 தட்டு. ஒன்றில் கழிகள் சேரும். இரண்டிலும் மூன்றிலும் விலகி நின்று கட்டையில் தட்டும். ஆடுகிறவரின் கால் ஒன்றில் வெளியே, இரண்டிலும் மூன்றிலும் உள்ளே. இடது வெளியே, வலது உள்ளே, இடது உள்ளே. அடுத்த சுற்றில் வலது மறுபக்கம் வெளியே. கால் மாறி மாறி வருவதால் உடல் தானாகவே கழிகளைக் கடக்கும். கும்மியும் கோலாட்டமும் ஆடிப் பழகியவர்கள் முதல் தட்டில் உள்ளே பாய்வார்கள், ஏனென்றால் வலுவான தட்டில் மையத்துக்குப் போகவே கால் பழகியிருக்கிறது. இங்கே வலுவான தட்டில்தான் கழி மூடும்.

கணுக்காலில் அடிபட்டால் எல்லாரும் ஆடியவரைக் குறை சொல்வார்கள். பாதிக்கு மேல் தவறு கழியில்தான். சேர்க்கும்போது கழியைத் தூக்கினால் அது கணுக்காலெலும்பின் உயரத்துக்கு வந்துவிடும்; கட்டையோடு தேய்த்தே நகர்த்த வேண்டும். விரல்களை இரு கழிகளுக்கும் நடுவில் வைத்தால் முதல் மூடலிலேயே நசுங்கும். மேலிருந்தும் வெளிப்பக்கத்திலிருந்தும்தான் பிடிக்க வேண்டும். இரு முனையில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆடுகிறவரின் காலைப் பார்த்தால் தாளம் ஓடும். கால் சிக்கிவிட்டால் கழியை இழுக்காமல் கையை விட்டுவிட வேண்டும். இத்தனையையும் முதுகு வலிக்க வலிக்கச் செய்துகொண்டு, தாளத்தையும் விடாமல் காத்தீர்கள். மூங்கிலைத் தொடும் முன் தரையில் கோடு கிழித்தும், பிறகு நெகிழிக் கயிறு கட்டியும் பழக வைத்தவர்களும் நீங்களே.

கை கொடுத்தவர்களுக்கு. வட்ட ஆட்டத்தில் பிடி என்பது அலங்காரம் இல்லை, செய்தி போகும் வழி. கைகள் கீழே தொங்கும் பிடியில் வலது உள்ளங்கை மேல்நோக்கி, இடது கீழ்நோக்கி என்று எல்லாரும் ஒரே ஒழுங்கில் வைத்தால் மணிக்கட்டு முறுகாது. கைகளை மடக்கித் தோள் உயரத்தில் பிடிக்கும்போது தன் கையின் எடையைத் தானே சுமக்க வேண்டும். பக்கத்திலிருப்பவர் மேல் போட்டால் இரண்டு பாட்டுக்குள் அவர் தோள் கழன்றுவிடும். தோள்மேல் கை போடும் ஆட்டத்தில் தொங்குபவர் இன்னும் மோசம். கட்டைவிரலால் அழுத்தாதீர்கள் என்று முகம் சுளிக்காமல் நூறு தடவை சொன்ன பொறுமைக்கு எங்கள் கும்பிடு.

ஹவாயின் ஹுலாவில் இடுப்பை ஆட்டாதே, முழங்காலை மடக்கு, இடுப்பு தானே வரும் என்று திருத்தியவரையும், ஜப்பானில் தோக்குஷிமாவின் ஆவா ஓடோரி ஆட்டத்தில் வலது கையும் வலது காலும் ஒன்றாகத்தான் முன்னே போகும், நடக்கும் பழக்கத்தை மறந்துவிடு என்றவரையும் மறக்கவில்லை. ஜப்பானின் தாங்கோ புஷி சுரங்கத் தொழிலாளர்களின் ஆட்டம்: நிலக்கரி தோண்டு, தோளுக்குமேல் வீசு, நெற்றியில் கை வைத்துப் பார், வண்டியைத் தள்ளு. கை என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டால் வரிசை மறக்காது. சொல்லாமல் வெறும் கைவீச்சாகக் கற்றால் அரை நாள் நிற்காது.

எழுதி வைத்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். செர்பியாவின் யான்கோவிச் சகோதரிகள் லியூபிட்சாவும் டானிட்சாவும் 1934 முதல் 1964 வரை 8 தொகுதிகளில் தங்கள் மக்களின் ஆட்டங்களைப் பதிவு செய்தார்கள். பிலிப்பைன்ஸில் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ ஊர் ஊராகச் சென்று சேகரித்தார். 1973இல் தேசியக் கலைஞரானார். ஹங்கேரியில் கிராமத்து ஆட்டங்களை நகரத்தார் மேடைக்காக அல்லாமல் தங்களுக்காகவே ஆடும் 'தாஞ்ஹாஸ்' 1972இல் புடாபெஸ்டில் தொடங்கியது. அதன் பின்னே ஜியோர்ஜி மார்ட்டின் போன்ற ஆய்வாளர்களின் பதிவுகள் இருந்தன. 2011இல் யுனெஸ்கோ அதை நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட ஆட்டக் குறியீட்டைப் படிக்கச் சொல்லித் தந்தவர்களுக்கு ஒரு தனி வரி: கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், நடுக்கோட்டுக்கு இருபுறமும் இடமும் வலமும், குறியின் நீளமே நேரம், கறுப்பு என்றால் தாழ்வு, புள்ளி என்றால் நடு, கோடுகள் என்றால் உயரம். எடை மாற்றம் அதில் தெளிவாகத் தெரியும், காணொளியில் தெரியாது.

காணொளி எடுத்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆடுகிறவர்களின் முதுகுப் பக்கமிருந்து, பாதம் சட்டகத்துக்குள் இருக்கும்படி, முதலில் பாட்டில்லாமலும் பிறகு பாட்டோடும் எடுத்தீர்கள். முன்னாலிருந்து எடுத்ததைப் பார்த்து இடம் வலம் புரண்டு, பிறகு கண்ணாடிபோலப் புரட்டிய பிரதியைப் பார்த்து மறுபடி புரண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஆட்டத்தின் பெயர், எந்த வட்டாரத்து வழக்கு, யாரிடம் கற்றது என்று சொல்லி வைத்ததும் நீங்களே.

இல்லை என்று சொன்னவர்களுக்கும் நன்றி. சில ஆட்டங்கள் வழிபாட்டுக்கு உரியவை, சில ஒரு குடிக்கு உரியவை. மவோரி மக்களின் 'கா மாட்டே' ஹாக்காவை வணிக வெளியீட்டிலோ ஒளிபரப்பிலோ படத்திலோ பயன்படுத்தினால், அதை ஆக்கியவர் நாட்டி டோவா குடித்தலைவர் தே ராவுபராஹா என்று குறிப்பிட வேண்டும் என நியூசிலாந்து 2014இல் சட்டமே இயற்றியிருக்கிறது. கிரேக்கத்தின் சிர்த்தாகியைத் தொன்மையான ஆட்டம் என்று அறிமுகப்படுத்தப் போன இடத்தில், அது ஹசாப்பிக்கோ என்ற பழைய ஆட்டத்தின் அடிகளிலிருந்து 1964இல் ஒரு திரைப்படத்துக்காக அமைக்கப்பட்டது என்று தடுத்தவரும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, பொய் சொல்லாமல் ஆடச் சொன்னார்.

சிமெண்டுத் தரையில் துள்ளினால் முன்காலெலும்பு வலிக்கும் என்று மரத்தளம் தேடித் தந்தவர்கள், ரப்பர் அடிச் செருப்பு தரையைக் கவ்வி முழங்காலைத் திருகிவிடும் என்று தோலடிக் காலணி தைத்தவர்கள், ஆடும் முன் மணலைப் பெருக்கியவர்கள்: உங்கள் வேலை சரியாக இருந்த நாளில் அதை யாரும் கவனிக்கவே இல்லை.

கழி பிடித்தவர்களே, அடுத்த முறை மூங்கிலருகே குந்துவது எங்கள் முறை. கட்டைகளை மாற்றிப் போட்டிருக்கிறோம், விரிசல் விட்ட கழியையும் கழித்துவிட்டோம். நீங்கள் வந்து ஆடுங்கள். முதல் தட்டில் வெளியே.

நன்றியுடன்,
ஆட்டம் பயிலும் வட்டத்தார்