காலித் தோட்டாவையும் எண்ணச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே பாவம் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. நான் இருப்பது கீரனூர். நார்த்தாமலை எங்களுக்குப் பக்கத்து ஊர். 2021 டிசம்பர் 30 அன்று, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் சோறு இறங்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சி எடுத்தவர்கள் பிள்ளைகள் இல்லை, சீருடை போட்ட பெரியவர்கள். அதனால் யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதோடு, சுடும் இடம் எப்படி இருக்கிறது, பொறுப்பு யார் கையில் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 19 வருஷம் என்.சி.சி.யும் என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது பல பேர் நினைக்கிற மாதிரி இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு முகாம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் 40 பேர். ஆளுக்கு ஐந்து தோட்டா, புள்ளி இரண்டு இரண்டு (0.22 அங்குலக் குழல்) ரைபிள், குறி 25 கெஜத் தூரத்தில். தரையில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். சுட்டுவிட்டு ரைபிளின் பக்கத்தில் இருக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்தால் காலி உறை தெறித்து விழும். அதை நாங்கள் கோக்கா என்போம். சுண்டுவிரல் நுனியில் பாதி அளவுதான் இருக்கும். கொடுத்த தோட்டா 200. பொறுக்கி எண்ணினால் 199. திரும்ப எண்ணினோம், அப்போதும் 199. பயிற்றுநராக வந்திருந்த ஹவில்தார் குரலை உயர்த்தவே இல்லை. "ஒருத்தரும் இங்கேயிருந்து நகரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். 40 பெண்களும் நானும் முழங்கால் போட்டுப் புல்லைக் கையால் கோதித் தேடினோம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. பொழுது சாயும் நேரத்தில் ஒருத்தி, "மிஸ், இங்க இருக்கு!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். பக்கத்தில் படுத்திருந்தவளின் ரைபிளிலிருந்து தெறித்தது, இவளுடைய மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்புக்குள் உட்கார்ந்திருந்தது.

வெடித்து முடிந்த வெறும் பித்தளை. ஆனாலும், ஒன்று கணக்கில் வராவிட்டால் சுடாத தோட்டா ஒன்று யார் பையிலோ இருக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பெண்களுக்கு அது அன்றைக்குப் புரிந்த மாதிரி நான் ஒரு வருஷம் வகுப்பெடுத்திருந்தாலும் புரிந்திருக்காது.

தோட்டாவைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் வெறும் துப்பாக்கியோடுதான் பாடம் நடக்கும். குழலின் நுனியில் ஒரு எட்டணாக் காசை வைப்போம். மூச்சைப் பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். காசு விழாமல் இருந்தால்தான் அடுத்த பாடம். வகுப்பில் நிலைகொள்ளாமல் துறுதுறுவென்று இருந்த பிள்ளைகள் அந்தக் காசுக்காக அப்படி அடங்கிப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குறியின் நட்டநடுவே இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி அளவு. கோபமோ அவசரமோ இருந்தால் அந்த இடத்தில் குண்டு விழாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் நின்று சுட்டார் என்றால் இந்த அடக்கம் எத்தனை வருஷமாகக் கைவந்திருக்க வேண்டும்!

எனக்கு இப்போது கவலை வேறு இடத்தில். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். நம் எல்லாருக்கும் பெருமைதான். அடுத்த மாதமே எங்கள் தெருவில் ஒருவர் ஆறாம் வகுப்பு மகனுக்கு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். சாதாரண ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன் மொட்டை மாடியில் நின்று காக்கையைக் குறிவைத்திருக்கிறான். இரண்டு வீடு தள்ளி வடகம் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கன்னத்தில் ஈயக் குண்டு பாய்ந்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என அவனுக்கு யாருமே சொல்லவில்லையே! எங்கள் பிள்ளைகள் முதல் நாள் ஒப்பிக்கும் பாடம் அது. குண்டைத் தடுக்கும் மண்மேடு இல்லாத இடத்தில், சுடுகிறோம் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி ஏற்றாமல் ஒரு தோட்டாவைக்கூடத் தொட விடமாட்டோம். அந்தச் சின்னப் புள்ளி இரண்டு இரண்டு தோட்டாவே ஒரு மைலைத் தாண்டிப் போகக்கூடியது.

வயதைக் கேட்டால், என் அனுபவத்தில் 12, 13-க்கு முன்னால் வேண்டாம். ரைபிளின் கட்டை தோளில் சரியாகப் பொருந்துவதற்கே அந்த வளர்த்தி வேண்டும்; "நிறுத்து" என்ற சொல்லுக்கு அந்த நொடியே விரலை எடுக்கும் பக்குவமும் அதற்கு அப்புறம்தான் வருகிறது. துப்பாக்கி பயிற்சி இடத்திலேயே பூட்டில் இருக்கட்டும், வீட்டுக்கு வர வேண்டாம். ஏர்கன் விற்கும் கடைக்காரர், வாங்குபவர் பயிற்சி பெற்றவரா என்று பார்த்துத்தான் விற்க வேண்டும் என அரசு ஒரு விதி போட்டால் என்ன குறைந்துவிடும்? மாவட்டத்துக்கு ஒரு நல்ல தளம் அரசே கட்டித் தந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வந்து கற்றுக்கொள்ள முடியும். என்னிடம் நன்றாகச் சுட்ட பெண்களில் பாதிப் பேர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். பள்ளி முடிந்ததும் அவர்களுக்கு அதைத் தொடர ஒரு இடம் கிடைக்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கப் போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால், முதல் மாதம் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். முதல் நாளே சுட வைத்துவிடுவோம் என்று அவர் சொன்னால், பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.