ரெட்டைக் குழந்தைன்னா போனஸ் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையின்மை சிகிச்சை பத்தி செய்தி வந்தாலே கூட ஒரு ரெட்டைக் குழந்தை போட்டோ போட்டுடுறாங்க, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா பச்சக்குழந்தை ஐசியூல நர்ஸா இருக்குற எனக்கு அதைப் பாத்தா பக்குனு ஆகுது.

ஐவிஎஃப் (லேப்ல கருவை உருவாக்கி அம்மா கருப்பையில வைக்கிற சிகிச்சை) பிள்ளைன்னாலே வீக்கா இருக்கும்னு ஒரு பேச்சு ஓடுதுல்ல, அது சரியில்ல, அதுல பிறக்குற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஒத்தக் குழந்தையா இருந்தாலும் குறைமாசத்துல பிறக்குற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், அதுக்கு அம்மா வயசும் குழந்தை தங்காததுக்கு இருந்த காரணமும்கூட ஒரு பங்கு. பெரிய பங்கு எதுக்குன்னா ரெண்டு மூணு கருவை ஒண்ணா வைக்கிறதுக்கு. ரெட்டைங்கள்ல பாதிக்கு மேல 37 வாரம் முடியுறதுக்குள்ளயே பிறந்துடுதுங்க. (ஐவிஎஃப் மட்டும் இல்ல, முட்டை வளர மாத்திரை, ஊசி போடுறப்பவும் ரெண்டு மூணு சேந்து தங்கலாம், இதை யாரும் பெருசா சொல்றதில்ல.)

ரொம்ப சீக்கிரம் பிறந்தா நுரையீரல் விரிஞ்சு நிக்க வேண்டிய சர்ஃபாக்டன்ட்ங்கற பொருள் போதாது, மூச்சு திணறும், மூளைல ரத்தம் கசியலாம், குடல் அழுகலாம், கண்ணுல ஆர்ஓபி (விழித்திரையில ரத்தக்குழாய் சரியா வளராம வர்ற பாதிப்பு) வந்து கவனிக்காம விட்டா பார்வையே போயிடும். குறைமாசப் பிரசவம் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சா அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுறது, பிறந்தப்புறம் நெஞ்சோட அணைச்சு வச்சுக்குற கங்காரு பராமரிப்பு, தாய்ப்பால், இதெல்லாம் நல்லாவே உதவுது. ஆனா கண் டெஸ்ட்டை மட்டும், வீட்டுக்குப் போயாச்சே இனிமே என்னன்னு விட்டுடுறாங்க, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஒரு கருவை மட்டும் வச்சுட்டு மிச்சத்தை ஃப்ரீஸ் பண்ணிட்டு, தங்கலைன்னா அடுத்த தடவை வைக்கலாம், நிறைய பேருக்கு இது ஒத்துவரும். வயசு, கருவோட தரம் பாத்து டாக்டர் வேற சொல்லலாம், சரி, ஆனா ஏன் ரெண்டுன்னு கேக்குற உரிமை நமக்கு இருக்கு. வருஷக்கணக்கா ஏங்கினவங்க ரெண்டா கிடைச்சா நல்லதுதானேன்னு நினைக்கிறதை நான் குறை சொல்லல, விவரம் சொல்லாம கையெழுத்து வாங்குறவங்களைத்தான் சொல்றேன்.

இனிமே சக்சஸ் ரேட்னு யாராவது கணக்கு குடுத்தா, எத்தனை கரு வச்சாங்க, எத்தனையாவது வாரத்துல பிறந்துச்சுன்னும் கேட்டு வாங்கிப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி