பாவு பிரியற நேரம்

கோவை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடுதாசி கிடைச்சுது. தங்கச்சி பையனுக்கு ஈஈஜி, அதான் தலையில கம்பி ஒட்டி மூளையோட மின் அலையைப் பதியற சோதனை, எடுக்கச் சொல்லியிருக்காங்கன்னு எழுதியிருந்தே. கூடவே ஒண்ணு கேட்டிருந்தே: மூளைச் செல்லெல்லாம் சேர்ந்து ஒரே தாளத்துல துடிச்சா நல்லதுதானே, அதை ஏன் நோய்ங்கறாங்கன்னு. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு நியூரான், அதான் மூளையோட நரம்புச் செல், சும்மா இருக்கறப்போ அதோட உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். மைனஸ் 55 கிட்ட ஏறினாத்தான் அது சுடும், அதாவது அடுத்த செல்லுக்கு மின் துடிப்பை அனுப்பும். பக்கத்துச் செல் ஒண்ணு தட்டினா பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்கூட ஏறாது. ஏறினதும் பத்து இருபது மில்லிசெகண்டுல வடிஞ்சுடும். அதனால பல செல்லோட தட்டல் சில மில்லிசெகண்டுக்குள்ளே ஒண்ணா வந்து சேரணும். அதே எண்ணிக்கை பிரிஞ்சு பிரிஞ்சு வந்தா, வந்த தடமே இருக்காது.

வாங்கற செல்லும் எந்நேரமும் திறந்தே இருக்கறதில்லை. அடக்கற வேலைக்குன்னே இருக்கற செல்கள் சுத்தியுள்ள நூத்துக்கணக்கான செல்லை ஒரே வீச்சுல அமுக்கும். அந்த அமுக்கம் தளர்றப்போ எல்லாம் ஒண்ணாத் திறக்கும், மறுபடி அமுங்கும். மூளையோட வேகமான அலைகள்ல ஒண்ணான காமா தாளத்துல இது செகண்டுக்கு 40 தடவைன்னு வெச்சுக்கோ, ஒரு சுத்துக்கு 25 மில்லிசெகண்ட். உன் தறியையே பாரு. பாவு, அதான் நெடுக்கு இழை, மேலும் கீழுமா பிரிஞ்சு நிக்கற அந்த நேரத்துல நாடா குறுக்கே போனாத்தான் ஊடை விழும். மூடறப்போ போனா நாடா சிக்கி இழை அறும். 2005ல மூளை ஆராய்ச்சியாளர் பாஸ்கல் ஃபிரைஸ் எழுதின கருத்தோட சாரம் இதுதான். ஒரே செல்கூட்டத்துக்கு ரெண்டு பக்கமிருந்து சேதி வந்தா, எதோட தாளம் அந்தத் திறப்போட பொருந்துதோ அதுதான் உள்ளே போகும். நரம்பு இணைப்பு ஒண்ணும் மாறலை, பாதை மட்டும் மாறிடுது. சேதி வந்து சேரவும் சில மில்லிசெகண்ட் ஆகும், அதனால ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே கணத்துல துடிக்கறதைவிட, சரியான அளவு முன்பின்னா துடிக்கறதுதான் வேணும். காமா தாளம்தான் காரணமா, இல்லை வேலை நடக்கறப்போ கூட வர்ற சத்தமான்னு இன்னும் வாதம் ஓடுது. நேரப் பொருத்தம் முக்கியம்ங்கறதுல எனக்குச் சந்தேகமில்லை.

இப்போ உன் கேள்வி. எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி சுட்டா, ஒண்ணு சொல்றதுக்கும் இன்னொண்ணு சொல்றதுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் இல்லைன்னா சேதியும் இல்லை. குழந்தைகளுக்கு வர்ற ஆப்சன்ஸ் வலிப்புல செகண்டுக்கு 3 அலை, மூளை பூராவும் ஒண்ணா எழும்பும். அந்தச் சில நொடி பையன் வெறிச்சுப் பார்த்துட்டு நிப்பான், கூப்பிட்டாலும் கேட்காது.

அலை தலைக்கு வெளியே தெரியறதும் இந்த ஒத்திசைவாலதான். பத்தாயிரம் செல் ஒண்ணாத் துடிச்சா ஒரு செல்லோட சிக்னலைப்போல பத்தாயிரம் மடங்கு. ஆளுக்கொரு நேரத்துல துடிச்சா கிட்டத்தட்ட 100 மடங்குதான். வள்ளி கும்மியில எல்லாரும் ஒரே அடியில தட்டறப்போ ஊர்க்கோடி வரைக்கும் கேக்குதே, அந்தக் கணக்குத்தான். அப்பிடியிருந்தும் மண்டைக்கு மேலே வர்றது சில பத்து மைக்ரோவோல்ட்.

இத்தனை சின்ன சிக்னல்ங்கறதாலதான் இதையெல்லாம் சொல்றேன். முந்தின ராத்திரி ஷாம்பு போட்டுத் தலை குளிக்க வை. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். எண்ணெய் இருந்தா எலெக்ட்ரோடை, அதான் அலையைப் பிடிக்கற கம்பி முனையை, ஒட்டற பேஸ்ட் ஒட்டாது, அதுக்கும் தோலுக்கும் நடுவுல தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது, 50 ஹெர்ட்ஸ் கரண்டு இரைச்சல் ஏறிடும். பட்டினியாக் கூட்டிட்டுப் போகாதே, சர்க்கரை குறைஞ்சாலும் அலை மாறும். பல்லைக் கடிக்க வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லு. தாடைத் தசையோட துடிப்பு வேகமான அலை மாதிரியே பதியும். மூணு நிமிஷம் வேகமா மூச்சு இழுத்து விடச் சொல்லுவாங்க. ஆப்சன்ஸ் வலிப்பு இருந்தா பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும், அதனால முழுசாச் செய்யட்டும். முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கலாம்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கோ. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் அதோட விட்டுடாதே. பதிவு எடுத்த அந்த அரைமணி நேரத்துல வலிப்பு அலை எழும்பலைன்னுதான் அதுக்கு அர்த்தம். பையன் வெறிச்சு நிக்கறதைப் போன்ல வீடியோ எடுத்து டாக்டருக்குக் காட்டு.

தங்கச்சியைத் தைரியமா இருக்கச் சொல்லு. ரிப்போர்ட் வந்ததும் எழுது.

உன் பங்காளி