மின் கார் வைத்திருப்போருக்கு வீட்டில் தனி மீட்டரும், வழியில் நம்பி நிற்கக்கூடிய சார்ஜரும் கோரி மனு

அனுப்புநர்:
தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, சுரண்டைப் பகுதிகளில்
முதன்முறையாக மின் கார் வாங்கிய குடும்பங்கள்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: வீட்டில் கார் சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்பும் தனிக் கட்டணமும், பொதுச் சார்ஜிங் நிலையங்களைப் பழுதின்றி நடத்தக் கட்டாய விதிகளும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்களில் பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், கூட்டுறவு வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்று பலரும் இருக்கிறோம். அநேகமாக எல்லார் வீட்டிலும் இருப்பது இந்த ஒரு கார்தான். ஊருக்குள் ஓட்ட மின் கார், வெளியூருக்குப் பெட்ரோல் கார் என்று இரண்டு வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி இல்லை. அதனால் இந்த வண்டி போக முடியாத இடத்துக்கு எங்கள் குடும்பமும் போக முடியாது. இந்த மனுவில் உள்ளதெல்லாம் அந்த நிலையிலிருந்து எழுதுவது.

வண்டியைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. சத்தமில்லை, புகையில்லை, ஊருக்குள் ஓட்டுவதற்கு இதைவிடச் சுகமான வண்டி கிடையாது. ஆனாலும் மின் கார் வாங்கலாமா என்று கேட்டு வருகிற உறவினரிடமும் நண்பரிடமும் தயங்காமல் "வாங்குங்கள்" என்று சொல்ல எங்களால் முடியவில்லை. காரணம் இரண்டு. வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று. மாதச் செலவு கடைசியில் எவ்வளவில் வந்து நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை இன்னொன்று. இரண்டுமே வண்டியின் கோளாறு அல்ல. இரண்டையும் அரசு மனது வைத்தால் சரிசெய்ய முடியும். அதற்காகத்தான் தங்களிடம் வருகிறோம்.

முதலில் பயத்தைச் சொல்கிறோம். எங்களில் பலர் வைத்திருப்பது 24 யூனிட் பேட்டரி கொண்ட சிறிய கார். சோதனைச் சான்றிதழில் 315 கிலோமீட்டர் என்று இருக்கும். நான்கு பேர் ஏறி, ஏசி போட்டு, நான்குவழிச் சாலையில் 80 வேகத்தில் போனால் 200 கிலோமீட்டர் வரும். அதிலும் கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்டமாட்டார்கள். 20 சதவீதம் கையிருப்பு வைத்தால் மிச்சம் 160 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து மதுரை ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். பெரிய ஆஸ்பத்திரி, விமான நிலையம், உயர் நீதிமன்றக் கிளை என்று எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மதுரைதான். போய்ச் சேரலாம், திரும்பி வர வழியில் சார்ஜ் செய்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கு எங்களுக்கு அத்துப்படி. எத்தனை சதவீதத்தில் கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எத்தனை இருக்கும், கல்லுப்பட்டியில் எத்தனை இருக்கும், மழை பெய்தால் எவ்வளவு குறையும் என்பது வரை வாங்கிய சில மாதங்களிலேயே பழகிவிடுகிறது. கணக்குக்குள் வராதது ஒன்றே ஒன்றுதான். போய் நிற்கிற இடத்தில் சார்ஜர் வேலை செய்யுமா, செய்யாதா?

எங்களில் ஒருவருக்கு நடந்தது இது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்த தாயாரை மதுரையிலிருந்து அழைத்து வருகிறார். சாலையோர உணவகம் ஒன்றில் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது, "தயார்" என்று பச்சை நிறத்தில். போய்ச் சார்ஜர் முனையைக் காரில் மாட்டினால் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் ஏறவில்லை. கழற்றி மாட்டினார், திரும்பவும் அதேதான். ஆப்பில் முன்பணம் போட்டால்தான் தொடங்கும் என்பதால் 500 ரூபாய் போட்டிருந்தார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வந்தன. உணவக ஊழியரைக் கேட்டால், "அது கம்பெனிக்காரங்களோடது சார், நமக்குத் தெரியாது, போன வாரத்திலிருந்தே இப்படித்தான் இருக்கு" என்கிறார். மத்தியான வெயில். காருக்குள் கண்ணில் கட்டோடு அம்மா. இருக்கிற சார்ஜைக் காப்பாற்ற ஏசியையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த உணவகத்துக்காரர் மனமிரங்கி கிரைண்டர் மாட்டுகிற 15 ஆம்பியர் பிளக்கைக் கொடுத்தார். அதில் ஒரு மணி நேரத்துக்கு ஏறுவது மூன்று யூனிட்தான், இருபது கிலோமீட்டருக்குக் காணும். இருட்டிய பிறகே அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

பெட்ரோல் பங்க்கில் ஒரு பம்பு பழுதானால் பக்கத்துப் பம்புக்குப் போகலாம், அதுவும் இல்லையென்றால் ஐந்து கிலோமீட்டரில் அடுத்த பங்க். சார்ஜிங் நிலையம் பல இடங்களில் ஒரே ஒரு பெட்டிதான். எங்கள் மாதிரிச் சிறிய காருக்கு வேகச் சார்ஜரிலேயே 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் ஆகிறது. முன்னால் ஒருவர் நின்றால் இரண்டு மணி நேரம். பெட்டியே பழுதென்றால் கேட்க வேண்டாம்.

ஒன்றிய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்கின்றன. மின் வாகனங்களை ஊக்குவிக்கும் ஒன்றிய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது, எண்ணிக்கை கூடட்டும். ஆனால் எங்கள் அனுபவத்தில், வேலை செய்யாத மூன்று சார்ஜரைவிட நிச்சயமாக வேலை செய்யும் ஒரு சார்ஜர் மேல். திறப்பு விழா நடந்த நிலையம் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்று ஆளில்லை. அதைப் பார்ப்பதை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

மின் இணைப்பு கொடுக்கும்போதும், அரசு நிலத்தையோ மானியத்தையோ கொடுக்கும்போதும் நிலையம் நடத்துபவரிடம் சில நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். பழுது பதிவான பிறகு இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம். ஆப்பில் "தயார்" என்று காட்டினால் அது உண்மையிலேயே தயாராக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு ஓர் ஆப், ஓர் ஆப்புக்கு ஒரு முன்பணம் என்று இல்லாமல் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐயில் பணம் கட்டும் வசதி எல்லா இடத்திலும் வேண்டும். தமிழில் பேசும் உதவி எண் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் அன்றைய விலை தெரிவதுபோல, ஜிஎஸ்டி சேர்த்து யூனிட் என்ன விலை என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். அப்புறம், பல நிலையங்களுக்குக் கூரை இல்லை, இரவில் விளக்கு இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லை. ஒரு பெண் தனியாக இரவு பத்து மணிக்கு அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்து இடத்தைத் தேர்வு செய்யுங்கள்.

இரண்டாவது, செலவு. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதில்தான் புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள்.

கார் விற்கும் இடத்தில், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்பார்கள். எங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்துப் பார்ப்போம். கார் வாங்கும் முன் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிந்தைய விகிதத்தில், 100 யூனிட் இலவசம் போக, 1,175 ரூபாய் வரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் கூடுதலாகும். மொத்தம் 700. இப்போது கட்டணம் 3,825 ரூபாய். அதாவது 300 யூனிட்டுக்கு 2,650 ரூபாய், யூனிட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசுக்குக் கிடைத்துவந்த யூனிட்டும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. ஏற்கெனவே ஏசி ஓடும் வீடாக இருந்தால் கார் யூனிட் பத்து ரூபாயை நெருங்குகிறது. ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கும் மேல்.

வீட்டில் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் 33 காசு ஆகிறது. பெட்ரோலில் ஆறு ரூபாய் ஆகும். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடுக்குக் கட்டணம் ஏசியையும் கீசரையும் அளவாகப் பயன்படுத்த வைப்பதற்காக வந்தது. பெட்ரோலை விட்டுவிட்டு வந்தவருக்கும் அதே தண்டனை என்பது நியாயமாகப் படவில்லை. ஓட்ட ஓட்ட யூனிட் விலை ஏறிக்கொண்டே போவதால் மாதச் செலவை முன்கூட்டித் திட்டமிடவும் முடிவதில்லை.

வெளியே சார்ஜ் செய்தால் கணக்கே வேறு. யூனிட் இருபது ரூபாய் என்று சொல்லும் இடத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 23 ரூபாய் 60 காசு ஆகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் வந்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய். சொந்த வீடும் சொந்த பார்க்கிங்கும் இருப்பவருக்கு இது எப்போதாவது வரும் செலவு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அன்றாடச் செலவு. வீட்டுக்காரர் மீட்டரில் கார் சார்ஜ் செய்ய அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போடுகிறவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். பதினைந்து ஆம்பியர் எட்டு மணி நேரம் ஓடும்போது அந்த வயரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். ஒரு விபத்து நடந்த பிறகு விதி வருவதை நாங்கள் விரும்பவில்லை.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின் வாகனம் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு என்கின்றன. அந்த உரிமை இருப்பதே கார் வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. வீட்டில் கார் சார்ஜிங்குக்கென்று தனி மீட்டர், அடுக்கு இல்லாத ஒரே விலை, அதுவும் வீட்டுக் கட்டணத்தின் நடு அடுக்கை ஒட்டி இருந்தால் போதும். இலவசமோ மானியமோ நாங்கள் கேட்கவில்லை. வாடகைதாரர் தன் பெயரிலேயே அந்த இணைப்பைப் பெறவும் வழி வேண்டும். எந்தக் கட்டணப் பிரிவு, எவ்வளவு வைப்புத்தொகை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மின்வாரியப் பிரிவு அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள். கட்டணம் நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை என்பதை அறிவோம். ஆனால் 2003 மின்சாரச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி பொதுநலன் கருதி ஆணையத்துக்குக் கொள்கை வழிகாட்ட அரசுக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை எங்களைச் சுற்றிக் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழல்கின்றன. நள்ளிரவில் மின் தேவை குறையும், காற்று குறையாது. அந்த நேரத்தில் வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொல்லும் நிலைமை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக உண்டு. எங்கள் கார்களோ அந்த நேரத்தில்தான் வீட்டு வாசலில் சும்மா நிற்கின்றன. தனி மீட்டருக்கு இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை சலுகை விலை கொடுத்தால், மாலை உச்ச நேரத்தில் பிளக் மாட்டுவதை நாங்களே நிறுத்திவிடுவோம். ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள் பகல் 9 முதல் 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்குக் குறைந்த விலையில் மின்சாரம் கொடுக்கச் சொல்கின்றன. அந்தக் குறைவு நிலையத்தோடு நின்றுவிடாமல் கார் ஓட்டுபவரின் பில்லிலும் தெரிய வேண்டும்.

வீட்டு எர்த்திங் பற்றியும் சொல்லியாக வேண்டும். சார்ஜரோடு வரும் கருவி முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோய், இரவு பத்து மணிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து ஷோரூமுக்கு ஓடியவர்களும் உண்டு. தனி இணைப்பு கொடுக்கும்போதே எர்த்தையும் கசிவு மின் பாதுகாப்புக் கருவியையும் சோதித்துச் சான்று தரும் முறை வந்தால் பாதித் தலைவலி தீரும்.

இடம் எங்கே என்று கேட்டால், தேட வேண்டியதில்லை. பேருந்து நிலையம், மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், குற்றாலத்தில் சுற்றுலா வாகனங்கள் நிற்கும் இடம் எல்லாமே அரசு நிலம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் கார்கள் வருகின்றன. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே மின் வாரியமே முன்வந்து தெருவோர மின்கம்பங்களில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் சார்ஜர் பொருத்தியிருக்கிறது. அதைவிடச் சிறப்பாகச் செய்யத் தமிழ்நாட்டால் முடியும். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் புளியரை முதல் திருமங்கலம் வரை உள்ள பகுதியை முன்னோடித் தடமாக அறிவித்து, ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது இரண்டு சார்ஜர்களும், சார்ஜர் பழுதானாலும் கைகொடுக்கக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டுகள் சிலவும் அமைத்துத் தர வேண்டுகிறோம்.

இவற்றில் நிலம் தேடுவதற்கும் நிலையம் கட்டுவதற்கும் நாளாகும் என்பது தெரியும். தனி மீட்டர் குறித்த தமிழ் அறிவிப்புக்கும், நிலையங்களில் விலைப் பலகைக்கும் உதவி எண்ணுக்கும் ஓர் ஆணை போதும். அந்த ஆணையை வரும் கோடை தொடங்குமுன் பிறப்பிக்கவும், மற்றக் கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு எங்கள் மின் கட்டண ரசீதுகளையும், வழியில் சார்ஜ் செய்த ரசீதுகளையும், பழுதான சார்ஜர்களின் புகைப்படங்களையும் காட்டத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இடம்: தென்காசி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தென்காசி வட்டார மின் கார் உரிமையாளர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மின் கட்டண ரசீது நகல்கள், புகைப்படங்கள்

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தென்காசி