நேற்று விட்ட இடத்திலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்ட கேள்விதான். "புது டார்ச் ஒவ்வொரு தடவையும் மங்கலாகவே ஆரம்பிக்கிறது, எனக்கு வேண்டிய வெளிச்சத்துக்கு வர மூன்று தடவை அமுக்க வேண்டியிருக்கிறது, சனியனுக்கு ஞாபகமே கிடையாதா?" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. அந்த வாரம்தான் என் வீட்டில் இதற்கு நேர்மாறான சண்டை. என் டார்ச்சுக்கு ஞாபகசக்தி அதிகம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் மாலை தோட்டத்துக் கடைசியில் ஏதோ அசைந்தது. முழு வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூனை. அணைத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும், தூக்கக் கலக்கத்தில் எழுந்து குளியலறைக் கதவைத் திறந்து பொத்தானை அமுக்கினேன். எதிரே வெள்ளைச் சுவர். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்று ஆயிரம் லூமெனும் (வெளிச்சத்தை அளக்கும் அலகு அது) சுவரில் மோதி என் முகத்துக்கே திரும்பி வந்தது. உள்ளே படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "திருடன்கூட இவ்வளவு வெளிச்சத்தோட வரமாட்டான்" என்றாள். அணைத்த பிறகு ஒன்றுமே தெரியவில்லை. சுவரைத் தடவித் திரும்பும்போது கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரு லூமென்கூட இல்லை.

மறுநாள் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னுடையது பின்பக்கம் 'டக்'கென்று அமுக்கும் சுவிட்ச் உள்ளது. லேசாக ஒரு தட்டு தட்டினால் அடுத்த வெளிச்ச அளவுக்குப் போகும், அழுத்திவிட்டால் அணையும். ஆனால் யோசித்துப் பார், அந்தச் சுவிட்ச் இரண்டு வேளையிலும் செய்வது ஒன்றே: மின்சாரத்தைத் துண்டிப்பது. உள்ளே இருக்கும் சின்ன சிப் ஒவ்வொரு தட்டுக்கும் செத்துப் பிழைக்கிறது. பிழைத்து எழுந்ததும், 'நான் செத்தது அரை நொடியா, ஆறு மணி நேரமா' என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வழி கெப்பாசிட்டர், கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உறுப்பு. அடியில் பொத்தல் விழுந்த குடம் மாதிரி அது. டார்ச் எரியும்போது நிரம்பி இருக்கும். மின்சாரம் நின்றதும் சொட்டுச் சொட்டாக வடியும். சிப் கண் விழித்ததும் முதலில் குடத்தைத்தான் எட்டிப் பார்க்கும். இன்னும் தண்ணீர் இருந்தால், இவன் இப்போதுதான் தட்டினான், அடுத்த அளவு கேட்கிறான். காலியாக இருந்தால், வெகுநேரம் ஆகிவிட்டது, முதலிலிருந்து தொடங்கலாம். உன் டார்ச் இந்த வகையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி, எழுதி வைத்துக்கொள்வது. மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்ற நினைவகம் சிப்புக்குள்ளேயே உண்டு. ஓர் அளவில் இரண்டு நொடி போல எரிந்தால், 'சரி, இவனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். அதற்குள் அணைத்தால், பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை அடுத்த அளவில் எரியும். என்னுடையது இந்த ஜாதி. சாயங்காலம் ஏதோ ஒன்றை ஒரு நொடி பார்த்துவிட்டு அணைத்தால், ராத்திரி வேறு அளவில் எரிந்து என்னைக் குழப்பியது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. நான் கிறுக்கனில்லை என்பதில் ஒரு நிம்மதி.

எழுதி எழுதி அது தேய்ந்துபோகாதா என்று நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். தேயும். இந்த மாதிரி டார்ச்களில் நிறையப் பயன்பட்ட ஏடிடைனி13ஏ என்ற சிப்பில் ஈஈப்ராம் மொத்தமே 64 பைட். ஒவ்வொன்றிலும் 1,00,000 தடவை எழுதலாம் என்று கணக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை, ஒரே இடத்தில் எழுதினாலும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வரும். இடம் மாற்றி மாற்றி எழுதும்படி நிரல் செய்துவிட்டால் நமக்கு அப்புறமும் அது இருக்கும்.

பக்கவாட்டில் பொத்தான் வைத்த டார்ச்களின் கதை வேறு. அவற்றில் சிப் சாவதே இல்லை. அணைந்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து மைக்ரோ ஆம்பியர் கணக்கில் உறிஞ்சிக்கொண்டு விரல் படுமா என்று காத்திருக்கும். அதனால் நினைவில் வைப்பது அதற்குச் சிரமமில்லை. பேட்டரியைக் கழற்றினாலோ, பையில் தானாக எரியாமல் இருக்கப் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலோ சிலது எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சரி, எது நல்லது? நீ நாள் முழுக்க மின்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பவன். நாற்பது தடவை எரித்தால் நாற்பது தடவையும் அதே நடு அளவு வேண்டும். உனக்குக் கடைசி அளவை நினைவில் வைக்கிற டார்ச்தான் சரி. மங்கலாகத் தொடங்குவது உனக்குத் தண்டனை. நான் டார்ச்சை எடுப்பது பெரும்பாலும் ராத்திரி. எனக்கு மங்கல்தான் மரியாதை.

இதில் யாரும் அவ்வளவாகப் பேசாத ஒன்று இருக்கிறது. டார்ச் நினைவில் வைப்பது என்னை அல்ல, கடைசியாகத் தொட்ட கையை. வீட்டு டார்ச் ஒருவர் சொத்து இல்லையே. போன மாதம் பேரன் விளையாடிவிட்டு வைத்ததை மின்சாரம் போன நேரத்தில் எடுத்தேன். பளீர் பளீர் என்று மின்ன ஆரம்பித்தது. படிக்கட்டு முன்னும் பின்னும் ஆடுகிற மாதிரி இருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மின்னும் அளவை நினைவில் வைக்கும்படி செய்தவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும். முழு வெளிச்சத்தை நினைவில் வைக்காமல் விடுகிற தயாரிப்புகளும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அந்த அளவில் சில நிமிடங்களில் கையைச் சுடும், சூடு தாங்காமல் தானே குறைந்துவிடும். பைக்குள் தவறி எரிந்தால் துணியே கருகும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஆண்டுரில் என்று ஒரு திறந்த மூல நிரல், பல டார்ச்களில் வருகிறது. அதில் தொடக்க அளவை நாமே நிர்ணயிக்கலாம். அணைத்துச் சில நிமிடங்களுக்குள் திரும்ப எரித்தால் விட்ட இடத்தில் தொடரும், நேரம் கடந்தால் நாம் குறித்த அளவுக்குப் போய்விடும். அந்த நிமிடக் கணக்கும் நம் கையில். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அணைந்திருக்கும்போது பொத்தானை அமுக்கிப் பிடித்தால் மிக மங்கல், இரண்டு தட்டு தட்டினால் உச்சம். இந்த இரண்டும் நேராகக் கிடைத்துவிட்டால் அது எதை நினைவில் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன! ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, சுண்டுவிரல் வீக்கமும் வடிந்துவிட்டது.

உன் டார்ச்சை ஒரு சோதனை செய்து பார். நடு அளவில் எரியவிட்டு அணை. ஒரு நொடி கழித்து எரித்துப் பார், அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து. எந்த நொடியில் அது உன்னை மறக்கிறது என்று எண்ணி எழுது. குடத்தின் பொத்தல் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
ராமு