ஒஸ்லோவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய கட்டுரையைத் தங்கச்சி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். 1989 முதல் 2020 வரை 66 நாடுகளில் 2,202 போர்நிறுத்தங்கள்! அவ்வளவு தரவையும் வைத்து என் பிள்ளை ஆராய்கிறான் என்று மாமியிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

எழுத்தில் கையெழுத்து வைத்து, கண்காணிக்கவும் ஆள் இருந்தால் கூடக்காலம் நிற்கிறது என்கிறாய். சரிதான். 1995 ஜனவரி 8இல் இங்கே அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் தொடங்கிய போர்நிறுத்தம், கண்காணிப்பு ஒழுங்காகக் காலூன்ற முதலே, ஏப்ரல் 19இல் திருகோணமலையில் முடிந்துபோனது. 2002 போர்நிறுத்தத்துக்கு நோர்வே, சுவீடன் போன்ற நோர்டிக் நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். முறைப்பாடுகளைப் பதிந்தார்கள். தடுக்கத்தான் அவர்களிடம் அதிகாரம் இல்லை.

2002 ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதி என்ன போட்டிருக்கிறாய்? அரசாங்கம் விலகியது 2008 ஜனவரி 16 என்று நிற்கும். எங்களுக்கு அது 2006 ஆகஸ்ட் 11. முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை பூட்டிய நாள். அதற்குப் பிறகு சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடையில் விடியமுதல் வரிசை. ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்து மூன்று வீட்டுக்குப் பங்கிட்டோம். அந்தப் பதினேழு மாதத்தையும் போர்நிறுத்தம் நின்ற காலம் என்று சேர்த்தால் கணக்குப் பிழைத்துவிடும் தம்பி. சுட்டவர்கள் எத்தனை தரம் சுட்டார்கள் என்பதோடு, பாதை திறந்திருந்ததா பூட்டியிருந்ததா என்றும் ஒரு நிரல் போடு. உன் பேராசிரியரிடம் அம்மா சொன்னா என்றே சொல்லு.

அந்தத் தரவில் நாளும் இடமும் சம்பவமாய் வரும் என்றாள் தங்கச்சி. 2006 டிசம்பருக்கு வரும்போது ராவில் தனிய இருந்து பார்க்காதே. பகலில் பார், பக்கத்தில் ஆரையும் வைத்துக்கொண்டு பார். மாமி அந்தக் கதை எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. நீ மாமாவின் சைக்கிளில் முன்னுக்கு இருந்து திரிந்த பிள்ளை.

முந்தி ஞாயிறு தவறாமல் கோல் எடுப்பாய். வேலை கூட என்று விளங்குகிறது. வேலை கூடினால் ஐந்து நிமிடம் பேசலாம்தானே? நேரத்துக்குச் சாப்பிடு. ராவில் பார்க்காதே.

மாமி மிளகாய்த்தூள் இடித்திருக்கிறா. அடுத்த மாதம் வரும் ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். கிடைத்ததும் மெசேஜ் போடாமல் எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
அம்மா