மாப்பிள்ளையின் ஹெச்-இண்டெக்ஸ்

பாளையங்கோட்டை,
ஆனி 28

அன்புள்ள சண்முகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைப் பையனின் ஜாதகத்தோடு, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பட்டியல் போடும் கூகுள் ஸ்காலர் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அனுப்பிய முதல் பெண்ணைப் பெற்றவர் நீராகத்தான் இருப்பீர். "மூளை ஆராய்ச்சியாம். 31 கட்டுரை, 1,460 சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் 12. தேறுமாவே?" என்று கேட்டிருக்கிறீர். செவ்வாயைவிட அந்த 12 தான் உம்மைப் படுத்துகிறது போல.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் சொன்ன கணக்கு அது. சைட்டேஷன் என்றால் ஒருவர் கட்டுரையை இன்னொரு கட்டுரையில் மேற்கோள் காட்டுவது. அது அதிகம் வாங்கிய கட்டுரையை மேலே வைத்து வரிசையாக அடுக்கும். மேலிருந்து 12 கட்டுரைகளுக்குத் தலைக்கு 12 மேற்கோளுக்குக் குறையாமல் இருக்கிறது. 13ஆவது 13ஐ எட்டவில்லை. அவ்வளவுதான். ஒரே கட்டுரை ஆயிரம் வாங்கினாலும் இந்த எண் அசையாது. வயசாக ஆக ஏறுமே தவிர இறங்காது. 31 வருஷம் விலங்கியல் நடத்திய எனக்கு இது 2. அதிலும் ஒரு மேற்கோள், தாமிரபரணி மீன்களைப் பற்றி நானே எழுதியதை நானே காட்டியது.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். தேரோட்டம் முடிந்து வீடு காலியானதும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். 1,460இல் 840 ஒரே கட்டுரைக்கு. அதில் அறுபதுக்கு மேல் பெயர்கள், இவர் 23ஆவது. இந்தத் துறையில் வேலை செய்தவர் பெயர் முதலில் வரும், ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர் பெயர் கடைசியில். நடுவில் நிற்பது தேர் வடத்தில் கை வைத்த மாதிரி. இழுத்திருப்பார்தான், எவ்வளவு என்று யார் சொல்ல?

இவர் பெயர் முதலில் இருக்கும் கட்டுரைக்கு வெறும் 17. அதை முழுசாகப் படித்தேன். எலி ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற செல்கள் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருப்பதை லண்டனில் ஓகீஃப் 1971இல் எழுதினார். நோபல் வந்தது 2014இல். விளக்கை அணைத்துவிட்டால் அந்தச் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் இந்தப் பையனின் கேள்வி. இரண்டாம் ஆட்டம் விட்டு, கரண்ட் இல்லாத ரதவீதியில் தட்டுத் தடுமாறாமல் வீடு வந்து சேர்வோமே, அது நினைவுக்கு வந்தது எனக்கு. அந்த 17 மேற்கோளில் ஆறு, கட்டுரையை எழுதியவர்களே தங்களைக் காட்டிக்கொண்டது. அது ஊர் வழக்கம், குற்றமில்லை.

என்னை நிறுத்தியது வேறு. அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு திருத்தக் குறிப்பு இருக்கிறது. மூன்றாவது படத்தில் இரண்டு எலிகளின் கணக்கை இரட்டித்துப் போட்டுவிட்டோம், சரி செய்தால் விளைவு முன்பு சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று இவரே எழுதிப் போட்டிருக்கிறார். யாரும் கண்டுபிடிக்கவில்லை வே, இவராகச் சொன்னது. 2006இல் நேச்சர் இதழில் அல்சைமர் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படங்களை மாற்றியிருக்கிறார்கள் என்று 2022இல் பெரிதாகப் பேச்சு எழுந்து, 2024இல் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறக்குறைய 2,500 மேற்கோள் வாங்கியிருந்தது. அந்த 2,500ஐயும் இந்த 17ஐயும் பக்கத்தில் வைத்துப் பாரும்.

எனக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. வேலை நிரந்தரமா என்று மட்டும் தனியாக விசாரியும், பிஎச்.டி. முடித்தபின் செய்கிற போஸ்ட்டாக் என்றால் ஒப்பந்த வேலைதான். செவ்வாயைப் பற்றி என்னிடம் கேட்காதீர்.

கயல்விழியிடம் கேட்டீரா? கடிதத்தில் அவள் பேச்சே இல்லை. பெண் பார்க்க வருகிற அன்று அந்த எலிகளைப் பற்றி அவளே கேட்கட்டும். எனக்கும் சொல்லி அனுப்பும். ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் முந்தின நாளே தென்காசிக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
நாராயணன்